சீம்பாலைக் கொட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

பிள்ளை பிறந்ததும் முதலில் சுரக்கும் சீம்பாலுக்கும் குழந்தையின் கண்ணுக்கும் தொடர்பு உண்டு. விழித்திரையின் நடுப்புள்ளியில் படிந்து நீல ஒளியை வடிகட்டுபவை லூட்டீன், ஸியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள். கைக்குழந்தைக்கு இந்தப் படிவு மெலிசு; அதிலும் லூட்டீனே தூக்கல். சுமார் 2 வயதுக்குப் பிறகுதான் நடுப்புள்ளியில் ஸியாசாந்தின் முந்துகிறது. இவற்றை உடல் தானாகத் தயாரிக்காது. குழந்தைக்கு இவை கிடைப்பது கருவில் தாயின் ரத்தம் வழியாக, பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாக. சீம்பால் மஞ்சளாக இருப்பதே இந்த வகை நிறமிகளால்தான். அதைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டுவது சுத்த அறியாமை.

பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரையை வெறுமனே வேகவைத்துக் கொடுக்காமல், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொடுங்கள். கொழுப்பு இல்லாமல் நிறமி குடலில் சரியாக ஏறாது. முட்டையில் மஞ்சள் கருதான் முக்கியம். ஆத்தூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளத்தில் ஸியாசாந்தின் உண்டு. நாமோ அதைக் கோழிக்குப் போடுகிறோம்! 6 மாதம் முடிந்த குழந்தைக்கு மசித்த கீரையில் இரண்டு சொட்டு நெய் விடலாம்.

வாசகர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.