டேட்டாபேஸ் எடிட்டர்ல அப்டேட் (டேட்டாவை மாத்தற கமாண்ட்) ஓட்டறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் பெருங்குடி ஆபீஸ்ல பில்லிங் ஸ்க்ரீன் ஒரு மணி நேரம் அப்படியே நின்னுடுச்சு. நம்மள்ல ஒருத்தர் பிஜிஅட்மின்ல (போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கான எடிட்டர்) ஆட்டோ கமிட்டை, அதாவது மாத்தினது தானா சேவ் ஆகறதை, ஆஃப் பண்ணி அப்டேட் ஓட்டிட்டு, கமிட்டும் (சேவ்) பண்ணாம ரோல்பேக்கும் (மாத்தினதை ரத்து) பண்ணாம டீ குடிக்கப் போயிட்டார். அவர் மாத்தின ரோ (டேபிள்ல இருக்கற வரிசை) எல்லாம் லாக் ஆகி, அதையே மாத்த வந்தவங்க காத்துக்கிட்டே இருந்தாங்க. யார்னு கேக்காதீங்க, அவரே ரொம்ப வருத்தத்துல இருக்கார்.

இனிமே முதல்ல பிகின் (கமிட் பண்ற வரைக்கும் சேவ் ஆக வேண்டாம்னு சொல்ற கமாண்ட்), அப்புறம்தான் அப்டேட். 3 ரோ மாறணும்னா "அப்டேட் 3"ன்னு வரணும். "அப்டேட் 41200"ன்னு வந்தா வேர் கண்டிஷன் (எந்த ரோவை மாத்தணும்னு சொல்ற பகுதி) விட்டுப்போச்சு, உடனே ரோல்பேக்.

பிஎச்பிமைஅட்மின்ல (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான எடிட்டர்) வேலை பாக்கறவங்க கவனிங்க: அங்க வழக்கமா ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் புது கனெக்‌ஷன். பிகினை இப்பவும் ரோல்பேக்கை அப்புறமும் ஓட்டினா பலிக்காது, சேர்த்தே ஓட்டணும். மைஎஸ்க்யூஎல்ல நடுவுல ஆல்டர் டேபிள் (டேபிளோட அமைப்பை மாத்தற கமாண்ட்) அடிச்சா அதுவரைக்கும் செஞ்சது தானா கமிட் ஆயிடும். போஸ்ட்கிரஸ்ல அதையும் ரோல்பேக் பண்ணலாம்.

சந்தேகம் இருந்தா ஓட்டறதுக்கு முன்னாடி இங்கயே கேளுங்க, ராத்திரி ஆனாலும் பரவாயில்ல.