நெட்வொர்க் டிரைவில் கிட் கண்காணிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில், பெரிய களஞ்சியங்களில் (கோப்புத் தொகுப்புகளில்) மாறிய கோப்புகளைக் காட்டும் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளை விரைவாக இயங்க, 2022-இல் வெளியான கிட் 2.37 முதல் விண்டோஸ், மேக் கணினிகளுக்கு உடன்வரும், கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் நிரலான எஃப்எஸ்மானிட்டரை இயக்கினாலே போதும் என்று தங்கள் கணினிப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. கணினியின் சொந்த வட்டுக்கு அது சரி. அலுவலகச் சர்வரின் பகிர்வில் களஞ்சியத்தை வைத்திருப்போருக்குப் போதாது.

களஞ்சியம் நெட்வொர்க் டிரைவில் இருப்பது தெரிந்தால் அந்த நிரல் இயங்க மறுத்துவிடும், 'எஃப்எஸ்மானிட்டர்.அலவ்ரிமோட்' அமைப்பை 'ட்ரூ' என்று மாற்றினால்தான் இசையும். மேக்கில், நிரலோடு கிட் பேசுவதற்கான சாக்கெட் கோப்பையும் பயனரின் ஹோம் கோப்புறை போன்ற உள்வட்டு இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த மறுப்பு வெறும் வீம்பு அல்ல. அதே பகிர்வில் வேறொரு கணினியிலிருந்து ஒருவர் கோப்பைத் திருத்தும்போது, அச்செய்தி நம் கணினிக்கு வந்துசேருமா என்பது சர்வரையும் அதன் நெறிமுறையையும் பொறுத்தது. வராவிட்டால், மாறிய கோப்பை மாறாதது என்றே கிட் காட்டும். ஒருவரே பயன்படுத்தும் பகிர்வில் சோதித்துப் பார்த்துவிட்டு இயக்கலாம். பலர் கைவைக்கும் பகிர்வில், வேகம் குறைந்தாலும், அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. இவ்விவரத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்