அகோயாவா, ஆற்று முத்தா?

ரங்கூன்

அன்புள்ள என் மௌல்மீன் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயமாகிவிட்டது என்று நீ எழுதிய வரியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். வாரத்தில் மூன்று நாள் ஸ்காட் மார்க்கெட்டில் முத்துக் கோக்கப் போகிறேன். பேரை மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் என் வாயில் ஸ்காட் மார்க்கெட் என்றுதான் வருகிறது.

சரி, மகளுக்காக நீ பார்த்த முத்துச் சரத்துக்கு வருகிறேன். அகோயா, அதாவது ஜப்பான்காரர் கடல் சிப்பியில் வளர்க்கும் முத்து என்று சொல்லிக் காட்டினார்கள், ஆனால் ஆற்று முத்து மாதிரியும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதே. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் இப்படித்தான் 7 மி.மீ. சரம் ஒன்றை அகோயா விலை கொடுத்து வாங்கினேன். ஆறு வருஷம் கழித்து நூல் தளர்ந்துபோய், மறுபடி கோக்கப் பிரித்தபோதுதான் துளைகளைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கோடு இல்லை. அத்தனையும் ஆற்று முத்து. அதுவும் நல்ல முத்துதான், ஆனால் நான் கொடுத்த விலை அதற்குரியது இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அது என்ன கோடு என்று கேட்பாய். அகோயாச் சிப்பிக்குள் உருட்டிய மணி ஒன்றை வைத்துத்தான் வளர்க்கிறார்கள். அந்த மணியும் சிப்பி ஓட்டில் செய்ததுதான், பெரும்பாலும் அமெரிக்க ஆற்றுச் சிப்பி. சிப்பி அதன்மேல் பூசும் முத்துப் படலம் மெல்லியது, அரை மில்லிமீட்டர் இருந்தாலே நல்லது. ஆற்றுச் சிப்பியில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கைத்தான் வைக்கிறார்கள். அதனால் உள்ளே வரை முத்துப் படலமேதான். ஒரே சிப்பியில் முப்பதுக்கும் மேல் கிடைக்கும், அகோயாவில் ஒன்றிரண்டுதான். விலை வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைத் துளைக்கு நேரே பிடி. அகோயா என்றால் வாயருகே படலம் ஒரு வளையமாக நின்று, அதன் உள்ளே மணி தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். ஆற்று முத்தில் அந்தப் பிரிவு இருக்காது. முடிச்சுப் போட்டுக் கட்டிய சரத்தில் முடிச்சு துளையை மறைத்துவிடும், அதனால் முடிச்சில்லாத சரமாகக் கேள். இரண்டு முத்துக்களை மெதுவாக விலக்கினாலே போதும், வாய் தெரிந்துவிடும். படலம் மெல்லியதாக இருந்தால், பலமான விளக்கின் முன்னே உருட்டும்போது உள்ளே மணியின் பட்டைகள் மின்னி மின்னி மறைவதும் தெரியும்.

அப்புறம் நீரோட்டம், அதாவது முத்தின் மேல் தெரியும் ஒளி. நல்ல அகோயாவில் எதிரே உள்ள ஜன்னல் கம்பியின் நிழல்கூடக் கூர்மையாகத் தெரியும். ஆற்று முத்தின் ஒளி கொஞ்சம் மென்மையானது, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி. ஆனால் இதை மட்டும் நம்பாதே, இப்போதெல்லாம் பளபளவென்று மின்னும் ஆற்று முத்தும் வருகிறது. சரத்தை ஒரு தட்டில் உருட்டிப் பார், ஆற்று முத்து பெரும்பாலும் எங்கேயாவது கோணும். பல்லில் தேய்த்துப் பார்ப்பது இங்கே உதவாது. இரண்டுமே நறநறவென்றுதான் இருக்கும், அதில் போலிக் கண்ணாடி முத்து மட்டும்தான் மாட்டும். 10 மி.மீ. உருண்டை வெள்ளையைக் காட்டி அகோயா என்றால் கட்டாயம் சந்தேகப்படு. அந்த அளவு அகோயாவில் மிக அரிது.

ஒன்று மறக்காதே. எடிசன் என்று ஒரு ஆற்று முத்து வருகிறது, அதில் மணி வைத்துத்தான் வளர்க்கிறார்கள். துளையில் கோடு தெரிந்ததும் அகோயா என்று முடிவு கட்டிவிடாதே.

தாத்தா தூத்துக்குடியில் முத்துக் குளித்த கதை உனக்கு நினைவிருக்கும். ஜப்பான்காரர் அகோயாவை வளர்க்கும் சிப்பியும் மன்னார் வளைகுடாச் சிப்பியும் பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற ஒரே இனம் என்கிறார்கள். 1973-இல் தூத்துக்குடியிலேயே அந்தச் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். இதைச் சொன்னபோது அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்!

மாப்பிள்ளை வீட்டார் பொன் நிறச் சரம் கேட்டால் நம்ம நாட்டின் தெற்கே உள்ள மெர்குயி கடல் முத்தையே பார். பிங்க்டாடா மாக்ஸிமா என்ற பெரிய சிப்பி, அதில் ஓட்டின் உள் விளிம்பு பொன் நிறமாக இருக்கும் ரகம். படலம் தடிமனாக இருக்கும். சாயம் ஏற்றியதென்றால் துளையின் வாயிலும் சின்னக் குழிகளிலும் நிறம் திட்டாகத் தங்கும். சரம் முழுக்க ஒரே சாயலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

கல்யாணப் புடவை எடுக்க இங்கே வருவாய்தானே? அப்போது அந்தச் சரத்தையும் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேட்டு எடுத்து வா. தரமாட்டேன் என்றால் விட்டுவிடு. லென்ஸ் என் பையிலேயே இருக்கும், பட்டு நூலும் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி