காந்திபுரத்துல ஊக்கு குத்திவிட்ட அக்காவுக்கு ரொம்ப நன்றிங்க

போன சனிக்கெழம சாயங்காலம், காலேஜ் பிரெண்ட்ஸ் அஞ்சு பேரும் நாலு வருசம் கழிச்சு ஒண்ணா சேர்றோம்னு கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் புதுசா தெறந்த ரெஸ்டாரண்ட்ல டேபிள் புக் பண்ணிருந்தோம், நானும் ஆசையா அம்மாவோட கோரா காட்டன் சீலைய கட்டிட்டு அவிநாசில பஸ் ஏறிட்டேன். கட்டுனவீங்களுக்கு தெரியும், பட்டும் பருத்தியும் சேத்து நெய்யறதால கோரா வெறப்பா நிக்கும், கொசுவம் சொன்ன பேச்சே கேக்காது. காந்திபுரத்துல எறங்கறப்ப படில மிதிச்சு மொத்த கொசுவமும் உருவிருச்சுங்க. அத்தன கூட்டத்துல ஒரு கையில சீலைய அள்ளிப் புடிச்சுட்டு செவுத்தோரமா நின்னேன், கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அப்பத்தான் ஒரு அக்கா வந்தாங்க, வேல முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க போல, கையில டிபன் பை. "ஏன் கண்ணு அழுகற, இங்க வா"ன்னு கூட்டிட்டுப் போய் ஒரு மூலையில என்ன நிக்க வெச்சு, அவங்க முந்தானைய விரிச்சு மறைச்சுக்கிட்டு, ஒவ்வொரு மடிப்பா வெரலால நீவி நீவி எடுத்து, தன்னோட வளையல்ல கோத்து வெச்சிருந்த ரெண்டு ஊக்கையும் கழட்டி குத்திவிட்டாங்க. அதுக்குள்ள அவங்க போகோணும்னு நின்ன பஸ் கெளம்பிப் போயிருச்சு. "அடுத்தது வரும், நீ வெரசா போ சாமி"ன்னாங்க.

ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒரு மடிப்பு கலையலைங்க்கா. பேரு கூட கேக்காம ஓடிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க ஊக்கு ரெண்டும் இப்ப என் வளையல்லதான் இருக்கு.