மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி வலையமைப்புப் பாதுகாப்பு ஆய்வாளரின் தகுதியை மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது பெரும் பிழை. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவரின் 20 கட்டுரைகள் பிற கட்டுரைகளில் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது எண் 20. அவற்றில் ஒன்று 5,000 மேற்கோள்களைப் பெற்றாலும் அந்த எண் நகராது.

இத்துறையின் முக்கியமான ஆய்வுகள் பலவும் யூஸ்நிக்ஸ் செக்யூரிட்டி, என்டிஎஸ்எஸ் போன்ற மாநாடுகளில்தான் வருகின்றன. ஆய்விதழ்களை மட்டும் எண்ணினால் நல்ல ஆய்வாளரின் பாதி உழைப்பு கணக்கிலேயே வராது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளம் மாநாடுகளையும் சேர்த்து எண்ணும். ஆனால் ஒருவர் தன் கட்டுரைகளைத் தானே சுட்டும் சுயமேற்கோள்களைக் கழிக்காது. ஒரே பெயருள்ள இருவரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவதும் உண்டு. எனவே முதலில் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்றும் கொள்ள முடியாது. வலையமைப்பில் இருவர் ஒருவரையொருவர் அடையாளம் உறுதிசெய்துகொள்ள உதவும் நீடம்–ஷ்ரோடர் நெறிமுறை 1978-இல் வெளியானது. அதன் பொதுச்சாவி வடிவில், இடையில் புகுந்து ஏமாற்ற வழி இருப்பதை 1995-இல் ஆய்வாளர் கேவின் லோ காட்டினார். அந்த ஓட்டையை விளக்குவதற்காகவே மூலக் கட்டுரையைச் சுட்டுபவர்கள் ஏராளம். அதுவும் பயனுள்ள தாக்கம்தான், எண்ணில் மட்டும் அது தெரியாது.

தேர்வுக் குழுவினர் ஆய்வாளரின் சிறந்த ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சுட்டிய பத்துக் கட்டுரைகளையாவது திறந்து பார்க்கட்டும். முன்னுரையில் ‘[4–11]’ என்று எட்டுக் கட்டுரைகளின் வரிசை எண்களோடு கொத்தாக வந்த மேற்கோள் வேறு. அவருடைய முறையைச் செயல்படுத்தி, சோதனை அட்டவணையில் ஒப்பிட்டுக் காட்டிய மேற்கோள் வேறு.

– வாசகர் ஒருவர்