பூட்டிக் கிடக்கும் ஆய்வகம்

ஆசிரியருக்கு,

இஸ்திரி வண்டியில் கரி எரிவதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்தவர், அப்போது திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தானே, பள்ளியிலேயே கருவிகளைச் செய்து பார்க்க உதவும் மத்திய அரசின் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள்? தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம்.

என் மகனின் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு உறை, கதவுக்குப் பூட்டு. அதிகாரிகள் வந்தால்தான் திறப்பு. அவனோ மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க, தேய்ந்த ரப்பர் செருப்பை மிதவையாக வெட்டி, பழைய பேட்டரி மணியோடு இணைத்தான். மூன்று முறை சத்தமே வரவில்லை. நான்காவது முறை, விடிகாலையில், தெருவே விழித்தது!

வாரம் இரண்டு பாடவேளையாவது அந்த அறையைத் திறந்துவிடக் கூடாதா? பிள்ளைகள் எதையாவது உடைத்தால் உடைக்கட்டும்.

- ஒரு தந்தை, விழுப்புரம்