முதல் நகலைச் சுருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேசட்டுகளையும் ஸ்பூல் நாடாக்களையும் எம்பி3 கோப்புகளாக மாற்றித் தருவதாகச் சொல்லும் விளம்பரப் பலகைகளைச் சிறு ஊர்களிலும் இப்போது பார்க்க முடிகிறது. நாடாக்கள் பூஞ்சை பிடித்து வீணாகும் முன் அவற்றைக் காப்பாற்றுவது மிகவும் தேவையான பணி. ஆனால் எந்த வடிவத்தில் பதிந்து தருவீர்கள் என்று கேட்காமல் ஒப்படைப்பவர்கள் எதை இழக்க நேரும் என்பதை நான் பட்டு அறிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் 1980-களில் என் தந்தையார் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரிகள் 12 கேசட்டுகளில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அவற்றை ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தவை 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 கோப்புகள். இரைச்சலை நீக்கியிருப்பதாகப் பெருமையுடன் சொன்னார்கள். கேட்டால், நாகஸ்வரத்துக்குச் சுருதியாக இடைவிடாமல் ஒலிக்கும் ஒத்தின் நாதத்தையே காணோம். கச்சேரி தொடங்குமுன் ஒத்து மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை இரைச்சலின் மாதிரியாக மென்பொருளுக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று கொள்ளும் மென்பொருளுக்கு, ஒத்துக்கும் நாடாவின் சீறலுக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. கேசட்டுகளைத் திருப்பித் தரும்படி கேட்டபோது, பூஞ்சை பிடித்திருந்ததால் எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

எம்பி3 என்பது கோப்பின் அளவை மட்டும் குறைக்கும் உத்தி என்றே பலரும் எண்ணுகிறோம். குறுந்தகட்டில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படுகிறது. இடது, வலது என இரண்டு தடங்களுக்கும் சேர்த்து விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். 128 கேபிபிஎஸ் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. எனக்குக் கிடைத்தது அதிலும் பாதி. ஓங்கி ஒலிக்கும் ஓசைக்கு அருகிலுள்ள மெல்லிய ஓசையைக் காது உணராது என்ற கணக்கில், உணரப்படாது என்று கருதியதை விட்டும், மற்றதைக் குறைந்த துல்லியத்தில் எழுதியும் இந்தச் சிக்கனம் செய்யப்படுகிறது. ஒலியைச் சிறு துண்டுகளாக எடுத்துக் கணக்கிடுவதால், ஒரு துண்டில் நேரும் பிழை அத்துண்டு முழுவதும் பரவுகிறது. ஆகவே குறைந்த பிட் விகிதத்தில், தவிலில் அடி விழுவதற்குச் சில மில்லிவிநாடிகள் முன்பே மெல்லிய தேய்வொலி ஒன்று எழுந்து, அடியின் கூர்மையை மழுங்கடித்துவிடும். 256 அல்லது 320 கேபிபிஎஸ்ஸில் செய்திருந்தால் இக்குறையைப் பெரும்பாலோர் உணர மாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு எம்பி3 போதும். மூலமாக வைத்துக்கொள்ள அது போதாது. அதைத் திருத்தி மீண்டும் எம்பி3 ஆகச் சேமிக்கும்போதும், இணையத்தில் ஏற்றும்போதும் அது மறுபடியும் சுருக்கப்பட்டு, இழப்பின் மேல் இழப்பு சேர்கிறது.

பதிவு வடிவம் இசையை மாற்றுவது புதிதல்ல என்பதை அறிவேன். கல்கத்தாவில் 1902-ஆம் ஆண்டு பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலத்திலிருந்து, இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் சில நிமிடங்களுக்குள் ராகத்தைக் காட்ட நம் கலைஞர்கள் பழகிக்கொண்டார்கள். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். ஆனால் அங்கே சுருக்கியவர் வித்வான். எதை விட்டாலும் ராகம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தட்டுகளில் நிமிடத்துக்கு 74 சுற்று வேகத்தில் பதிவான ஒன்றை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும் என்றாலும், அந்தப் பிழையைப் பிறகும் சரிசெய்ய முடியும். எம்பி3 விட்டதை யாராலும் மீட்க முடியாது.

எம்பி3 செய்யும் இந்தச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் 'கம்ப்ரெஷன்' என்பார்கள்; அதே பெயரில் வேறொன்றும் நடக்கிறது. மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் நிறுத்துவது அது. கைபேசியில் கேட்க வசதியாக இருக்கும் என்று இதையும் நம்மிடம் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் தனி ஆவர்த்தனத்தை இப்படிச் சமன் செய்தால், அந்த ஏற்றம் எங்கே இருக்கும்?

ஆகவே நாடா வைத்திருக்கும் வாசகர்களையும், பழைய பதிவுகளைப் பாதுகாக்கும் சபாக்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நகலை இரைச்சல் நீக்காமல், உரப்பைச் சமன் செய்யாமல், வேவ் (WAV) அல்லது பிளாக் (FLAC) வடிவில் வாங்குங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிந்தாலும் ஒரு மணி நேரக் கச்சேரி வேவ் வடிவில் ஏறத்தாழ 2 ஜிபி தான். 1 டிபி வட்டில் 480 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் வடிவம் இன்னும் குறைவான இடமே கொள்ளும். எம்பி3 பிரதிகளை அந்த முதல் நகலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஓட்டும் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஒவ்வொரு நாடாவுக்கும் ஏற்பச் சாய்வு பார்த்துத் திருப்புகிறார்களா என்றும் கேளுங்கள், ஏனெனில் அது சற்றே பிசகினாலும் மேல் ஒலிகள் மங்கிவிடும். பூஞ்சை பிடித்திருந்தாலும் கேசட்டுகளைத் திரும்ப வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.